விண்டோஸ் கிட்டுக்கு பேட்ச் எழுதி, அதை இன்ஸ்டாலராகக் கட்டுவது வரை: முழுமையான வழிகாட்டி

கிட்டில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருள்) ஒரு பக்கை, அதாவது பிழையைக் கண்டுபிடித்து, அதன் சோர்ஸில் (மூல நிரலில்) நாலு வரி மாற்றி, உங்கள் மெஷினில் சரியாக ஓடுவதையும் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் அதோடு பேட்சை (மாற்றிய வரிகளின் தொகுப்பை) அனுப்பிவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த பக்கால் அன்றாடம் அவதிப்படுகிறவர் வேறொருவர். அவரிடம் சி கம்பைலர் இருக்காது, இருந்தாலும் கிட்டை சோர்ஸிலிருந்து கட்டச் சொன்னால் பதிலே வராது. அவர் இரட்டை கிளிக் செய்து போட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு இன்ஸ்டாலரை நீங்களே கட்டிக் கொடுத்தால்தான் "ஆமாம், இப்போது சரியாகிவிட்டது" என்ற வார்த்தை கிடைக்கும். பேட்சை ஏற்றுக்கொள்ளும் மெயின்டெய்னருக்கும் அந்த வார்த்தைக்கு நல்ல மதிப்பு உண்டு. அதனால் இந்த வழிகாட்டியில் பேட்ச், இன்ஸ்டாலர் இரண்டையும் ஒரே வேலையாகவே எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த ரெப்போவில் (சோர்ஸ் இருக்கும் களஞ்சியத்தில்) கை வைப்பது

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கிய மூல கிட் ஒரு புராஜெக்ட். அதே ஆண்டு ஜூலையிலிருந்து அதைப் பராமரிப்பவர் ஜூனியோ ஹமானோ. விண்டோஸுக்கான கிட் அதிலிருந்து பிரிந்த ஃபோர்க், அதாவது கிளைப் பிரதி. 2007 வாக்கில் எம்சிஸ்கிட் என்ற பெயரில் தொடங்கி, 2015-இல் எம்சிஸ்2 (யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸில் ஓட வைக்கும் தொகுப்பு) அடித்தளத்துக்கு மாறி இன்றைய வடிவத்துக்கு வந்தது. ஜோஹன்னஸ் ஷிண்டெலின் அதைப் பராமரிக்கிறார். கிட் வெர்ஷன் எண்ணின் வாலில் "விண்டோஸ் 1" என்று ஒட்டியிருந்தால் அது இந்த ஃபோர்க்கிலிருந்து வந்தது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இதே பக் லினக்ஸிலும் வருகிறதா? வந்தால் பேட்ச் மூல கிட்டுக்குத்தான் போக வேண்டும். விண்டோஸில் மட்டும் என்றால் ஃபோர்க்குக்கு அனுப்பலாம். அப்புறம், நீங்கள் கிட் என்று நினைப்பதெல்லாம் கிட் அல்ல. இன்ஸ்டாலரின் பக்கங்களில் கோளாறு என்றால் அது பில்டு-எக்ஸ்ட்ரா என்ற தனி ரெப்போ. கிட் பாஷில் (கிட்டோடு வரும் கட்டளை ஜன்னலில்) பாதைகள் தப்பாக மாறுகின்றன என்றால் அது பெரும்பாலும் எம்சிஸ்2 ரன்டைம். பாஸ்வேர்டு கேட்கும் ஜன்னலில் சிக்கல் என்றால் கிட் கிரெடென்ஷியல் மேனேஜர், அது முழுக்க வேறொரு புராஜெக்ட். இதைத் தீர்மானிக்க ஒரு மாலை செலவானாலும் பரவாயில்லை. தப்பான இடத்தில் திறந்த புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது உண்மையிலேயே பக்தானா? தமிழில் பெயர் வைத்த கோப்பு கிட் ஸ்டேட்டஸில் 340, 256, 205 என்று சாய்கோடுகளோடு எண்களாகத் தெரிகிறது என்று நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அந்த மூன்று எண்களும் சேர்ந்துதான் "அ". யூடிஎஃப்-8-இல் (எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் முறை) ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், அவற்றை கிட் எட்டடிமான எண்களாகக் காட்டுகிறது. கோர் குவோட்பாத் என்ற செட்டிங்கை ஃபால்ஸ் என்று வைத்தால் பெயர் தமிழிலேயே தெரியும். அதற்கு பேட்ச் தேவையில்லை.

எஸ்டிகேயை இறக்குவது

விண்டோஸில் கிட்டைக் கட்ட ஒவ்வொரு கருவியாகத் தேடிப் போக வேண்டியதில்லை. கம்பைலர், சோர்ஸைக் கட்டும் மேக், பெர்ல், பாஷ், பேக்கேஜ்களை நிறுவும் பேக்மேன் எல்லாம் சேர்ந்த ஒரே மூட்டையாக "கிட் ஃபார் விண்டோஸ் எஸ்டிகே" கிடைக்கிறது. அதன் இன்ஸ்டாலரை ஓட்டினால் தேவையானதையெல்லாம் அதுவே குளோன் செய்துகொள்ளும். பல ஜிபி இடம் பிடிக்கும், நேரமும் எடுக்கும், நல்ல இணைப்பு இருக்கும்போது போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். சி டிரைவின் வேரிலேயே, பெயரில் இடைவெளி இல்லாத ஃபோல்டரில் வைப்பது நல்லது. விண்டோஸின் 260 எழுத்துப் பாதை வரம்பு நினைக்காத இடத்தில் வந்து இடிக்கும்.

அந்த ஃபோல்டரை ஆன்டிவைரஸின் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கிட் பில்டும் டெஸ்டும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளையும் பிராசஸ்களையும் உருவாக்கி அழிக்கும். ஒவ்வொன்றையும் ஸ்கேனர் திறந்து பார்த்தால் வேலை நகராது. அதைவிடத் தொல்லை, ஸ்கேனர் ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் நொடியில் டெஸ்ட் அதை அழிக்கப் போய்த் தோற்கும், நீங்கள் உங்கள் கோடில் (நிரலில்) தப்பைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய எஸ்டிகே வைத்திருப்பவர்கள் பேக்மேனின் எஸ்-ஒய்-யூ கட்டளையால் ஒருமுறை அப்டேட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். ரன்டைம் அப்டேட் ஆனால் ஜன்னலை மூடித் திறந்து மறுபடி ஒருமுறை ஓட்ட வேண்டியிருக்கும்.

கட்டிப் பார்ப்பது

எஸ்டிகே ஜன்னலில் "எஸ்டிகே சிடி கிட்" என்று அடித்தால் சோர்ஸ் இறங்கி, அந்த ஃபோல்டருக்குள் உங்களைக் கொண்டு விடும். இடம் யூஎஸ்ஆர், எஸ்ஆர்சி, அதற்குள் கிட். உடனே ஒரு புதிய பிராஞ்ச் (உங்கள் மாற்றங்களுக்கான தனிக் கிளை) போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் டெவலப்பர்=1 என்ற மதிப்போடு மேக். இந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் கம்பைலரின் கடுமையான எச்சரிக்கைகள் எல்லாம் விழித்துக்கொள்ளும், எச்சரிக்கை வந்தாலே பில்டும் நின்றுவிடும். ரிவ்யூவில் (பேட்சை மற்றவர்கள் படித்துப் பார்க்கும்போது) யாரோ சுட்டிக்காட்டுவதற்கு முன் நாமே பார்த்துவிடலாம்.

கட்டியதை ஓட்டிப் பார்க்க இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. பின்-ராப்பர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் கிட்டை ஓட்டுங்கள். நீங்கள் கட்டிய துணைக் கட்டளைகளையும் டெம்ப்ளேட்டுகளையும் அது சரியாக எடுத்துக்கொள்ளும். வெறுமனே "கிட்" என்று அடித்தால் ஏற்கெனவே நிறுவியிருக்கும் பழைய கிட்தான் ஓடும். மாற்றம் ஏன் தெரியவில்லை என்று குழம்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

முதலில் டெஸ்ட், அப்புறம் திருத்தம்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பக்கை நிரூபிக்கும் டெஸ்டை முதலில் எழுதி, அது தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் சி கோடுக்குப் போங்கள். தோற்றதைப் பார்க்காத டெஸ்ட் எதைச் சோதிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

டெஸ்டுகள் எல்லாம் டி என்ற ஃபோல்டரில் ஷெல் ஸ்கிரிப்டுகளாக இருக்கின்றன. பெயர் டி என்ற எழுத்திலும் நாலு இலக்க எண்ணிலும் தொடங்கும். முதல் இலக்கம் துறையைச் சொல்லும்: 4 என்றால் டிஃப், 5 என்றால் புல், புஷ் வகையறா, 7 என்றால் ஸ்டேட்டஸ், கமிட் போன்ற அன்றாடக் கட்டளைகள். புதுக் கோப்பு உருவாக்குவதைவிட, பொருத்தமான பழைய கோப்பின் கடைசியில் உங்கள் டெஸ்டைச் சேர்ப்பதைத்தான் பெரும்பாலும் விரும்புவார்கள்.

உதாரணத்துக்கு ஸ்டேட்டஸ் கட்டளையின் டெஸ்ட் 7508. அதை மட்டும் தனியாக ஓட்ட, டி ஃபோல்டருக்குள் போய், ஷெல்லிடம் அந்தக் கோப்பைக் கொடுத்து, ஐ, வி, எக்ஸ் என்ற மூன்று விருப்பங்களையும் சேருங்கள். ஐ என்றால் முதல் தோல்வியிலேயே நின்றுவிடும், வி என்றால் விவரமாகப் பேசும், எக்ஸ் என்றால் ஷெல் ஒவ்வொரு வரியையும் காட்டிவிட்டு ஓட்டும். நின்றதும் "டிராஷ் டைரக்டரி" என்று தொடங்கும் ஒரு ஃபோல்டர் அப்படியே விட்டுவைக்கப்பட்டிருக்கும், உள்ளே போய் என்ன நடந்தது என்று பார்க்கலாம். அந்த ஃபோல்டரின் பெயரில் ஓர் இடைவெளி இருப்பதைக் கவனித்தீர்களா? வேண்டுமென்றே வைத்தது. பாதையை மேற்கோள் குறிக்குள் போட மறந்தால் இந்த இடைவெளி காட்டிக் கொடுத்துவிடும்.

டெஸ்டுக்குள் ஒவ்வொரு கட்டளையும் அடுத்ததோடு இரட்டை ஆம்பர்சாண்டால் கோக்கப்பட வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நடுவில் தோற்றது வெளியே தெரியாமல் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும் என்பதால், இதைப் பிடிப்பதற்கென்றே செயின்லின்ட் என்ற சோதனை உள்ளேயே இருக்கிறது. கிட் தோற்க வேண்டிய இடத்தில் ஆச்சரியக்குறி போடாமல் டெஸ்ட்-மஸ்ட்-ஃபெயில் பயன்படுத்துங்கள். முறையாகப் பிழை சொல்லித் தோற்பதற்கும் மெமரி தப்பில் செத்து விழுவதற்கும் உள்ள வித்தியாசம் அதற்குத்தான் தெரியும். விண்டோஸுக்கு மட்டுமான டெஸ்ட் என்றால் மிங்டபிள்யூ என்ற முன்நிபந்தனையைச் சேர்த்தால் மற்ற இடங்களில் தானாகத் தவிர்க்கப்படும்.

முழு டெஸ்ட் தொகுப்பையும் விண்டோஸில் ஓட்டுவது பொறுமையைச் சோதிக்கும். புது பிராசஸ் உருவாக்கும் யூனிக்ஸின் ஃபோர்க் என்ற அழைப்பை (மேலே சொன்ன ஃபோர்க் வேறு) எம்சிஸ்2 மிகுந்த சிரமப்பட்டுத்தான் போலச் செய்கிறது, ஷெல் ஸ்கிரிப்டோ வரிக்கு வரி புது பிராசஸ் கேட்கிறது. தொடர்புடைய சில கோப்புகளை மட்டும் வீட்டில் ஓட்டிவிட்டு, மொத்தத்தையும் கிட்ஹப்பின் தானியங்கிச் சோதனைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் ஃபோர்க்கில் ஆக்‌ஷன்ஸை இயக்கி வைத்தால் புஷ் செய்தாலே விண்டோஸ், லினக்ஸ், மேக்ஓஎஸ் எல்லாவற்றிலும் ஓடும்.

கோடு எழுதும்போது

விண்டோஸ் சார்ந்த வேலைகள் பெரும்பாலும் கம்பாட் ஃபோல்டரில், மிங்டபிள்யூ டாட் சி என்ற கோப்பில் இருக்கின்றன. திறந்திருக்கும் கோப்பை அழிக்க முடியாதது, பெரிய சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத கோப்புப் பெயர்கள், ஆக்ஸ், கான், நல் என்று யாரும் வைக்கக் கூடாத பெயர்கள், உள்ளே யூடிஎஃப்-8, விண்டோஸுக்கு யூடிஎஃப்-16 என்று போய்வரும் மொழிமாற்றம், இப்படி எல்லா வம்பும் அங்கே வாழ்கிறது. பொதுக் கோடுக்குள் இஃப்-டெஃப் (விண்டோஸுக்கு மட்டும் என்று பிரிக்கும் நிபந்தனை வரிகள்) தூவாமல், வித்தியாசத்தை முடிந்தவரை கம்பாட்டுக்குள் அடக்கிவிடுங்கள். பொதுக் கோடைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் விண்டோஸைத் தொட்டதே இல்லாதவர்களாக இருக்கலாம்.

நடைமுறை விதிகள் டாக்குமென்டேஷன் ஃபோல்டரில் கோடிங் கைட்லைன்ஸ் என்ற கோப்பில் இருக்கின்றன. டேப்பால் உள்தள்ளல், அகலம் 8, வரி 80 எழுத்துக்குள், பாயின்டர் நட்சத்திரம் மாறியின் பெயரை ஒட்டி. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், சுற்றியிருக்கும் கோடைப் பார்த்து அதேபோல எழுதினால் போதும். போகிற போக்கில் பக்கத்து வரிகளை அழகுபடுத்தும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள், தேவை என்றால் அது தனி கமிட் (ஒரு மாற்றப் பதிவு).

கமிட் செய்தி

என் பார்வையில் மொத்த வேலையிலும் மிக முக்கியமான பகுதி இது. கிட் புராஜெக்டில் கமிட் செய்தியைக் கோடைவிடக் கூர்மையாகப் படிப்பார்கள். பத்து வருடம் கழித்து யாரோ பிளேம் (ஒவ்வொரு வரியும் எந்த கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) போட்டு இந்த வரி ஏன் இப்படி இருக்கிறது என்று தேடும்போது, பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள், செய்தி மட்டும்தான் இருக்கும்.

தலைப்பு வரி, தொடும் பகுதியின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, அப்புறம் என்ன செய்கிறது என்று ஏவல் வாக்கியமாக, சுமார் 50 எழுத்துக்குள், கடைசியில் முற்றுப்புள்ளி இல்லாமல். ஒரு வெற்று வரி விட்டு உடல். முதல் பத்தியில் இன்றைய நிலையை நிகழ்காலத்தில் சொல்லுங்கள்: இப்படி இப்படிச் செய்தால் இது நடக்கிறது, அது ஏன் தப்பு. அடுத்து காரணம், எந்த ஃபங்ஷன் எதைத் தப்பாக அனுமானிக்கிறது என்று. கடைசியில் தீர்வு. வேறொரு வழியை யோசித்துக் கைவிட்டிருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள், ரிவ்யூவர் கேட்கப்போகும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். "இந்த பேட்ச் இதைச் சரிசெய்கிறது" என்ற பாணி அங்கே எடுபடாது, கோடுக்குக் கட்டளையிடுவதுபோல "இதைச் செய்" என்று இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதே கோப்பின் லாகைத் திறந்து முந்தைய பத்துப் பதினைந்து செய்திகளைப் படியுங்கள், தொனி பிடிபட்டுவிடும்.

அடியில் சைன்ட்-ஆஃப்-பை வரி கட்டாயம். கமிட் கட்டளையோடு சின்ன எஸ் சேர்த்தால் தானாக வந்துவிடும். "இந்தக் கோடை இந்த லைசென்ஸில் தர எனக்கு உரிமை இருக்கிறது" என்ற உறுதிமொழி அது. அலுவலக நேரத்தில் எழுதியிருந்தால், கம்பெனி அதை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பக்கைச் சொன்னவருக்கு ரிப்போர்ட்டட்-பை வரி ஒன்றும் சேருங்கள்.

அனுப்புவது

விண்டோஸ் ஃபோர்க்குக்கு நேரடியாக கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் திறக்கலாம். மூல கிட் அப்படி ஏற்காது, அங்கே பேட்ச் மின்னஞ்சலில்தான் போக வேண்டும். மின்னஞ்சல் புரோகிராம்கள் டேப்பையும் இடைவெளியையும் மாற்றி பேட்சைக் கெடுத்துவிடும் என்பதால், கிட் சென்ட்-ஈமெயில் பழகிக்கொள்ளலாம், இல்லையென்றால் கிட்கிட்கேட்ஜெட் என்ற பாலத்தைப் பயன்படுத்தலாம். வழக்கம்போல புல் ரிக்வெஸ்ட் திறந்து, அதில் சாய்கோட்டோடு "சப்மிட்" என்று எழுதினால் முறையான பேட்ச் தொடராக மாற்றி அதுவே அனுப்பிவிடும். முதல்முறை அனுப்புகிறவருக்கு, ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒருவர் "அல்லவ்" கொடுக்க வேண்டும். புதியவர்களுக்கு இந்த வழியையே சொல்வேன்.

எந்த பிராஞ்சின் மேல் கட்டுவது என்பதும் முக்கியம். மூல கிட்டில் பக் திருத்தம் என்றால் மெயின்ட், புது வசதி என்றால் மாஸ்டர். நெக்ஸ்ட், சீன் என்ற பிராஞ்சுகளின் மேல் கட்டாதீர்கள், சீன் அடிக்கடி கலைத்துக் கட்டப்படும்.

முதல் அனுப்பலிலேயே ஏற்கப்படுவது அபூர்வம், அதில் மனம் தளர ஒன்றுமில்லை. கருத்து வந்தால் மேலே புது கமிட் போடாமல், ரீபேஸ் மூலம் பழைய கமிட்டையே திருத்தி, இரண்டாம் பதிப்பாக அனுப்புங்கள், ரேஞ்ச்-டிஃப் எது மாறியது என்று காட்டிவிடும். ஒரு கருத்தை ஏற்காவிட்டாலும் காரணம் சொல்லிப் பதில் எழுதுங்கள். பதில் இல்லாத கருத்தைப் போல ரிவ்யூவரை விலகச் செய்வது வேறில்லை.

இன்ஸ்டாலர் கட்டுவது

ரிவ்யூ நடக்கும்போதே இதைச் செய்துவிடலாம். "எஸ்டிகே பில்டு கிட்-அண்ட்-இன்ஸ்டாலர்" என்ற ஒரே கட்டளை கிட்டைக் கட்டி, எஸ்டிகேக்குள் நிறுவி, இன்ஸ்டாலரையும் செய்துவிடும். ஆனால் உள்ளே நடப்பது புரிந்தால்தான் சிக்கல் வரும்போது தப்பிக்க முடியும்.

பில்டு-எக்ஸ்ட்ரா ரெப்போவில் இன்ஸ்டாலர் ஃபோல்டருக்குள் ரிலீஸ் என்ற ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. வெர்ஷனாக "0-டெஸ்ட்" என்று கொடுத்து ஓட்டுவது வழக்கம். அது முதலில் எந்தெந்தக் கோப்புகள் உள்ளே போக வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிக்கும், அப்புறம் அந்தப் பட்டியலையும் விசார்டின் (இன்ஸ்டாலர் காட்டும் பக்கங்களின்) பாஸ்கல் கோடையும் இன்னோ செட்டப் என்ற இன்ஸ்டாலர் கட்டும் கருவியிடம் கொடுக்கும், அது சுருக்கி ஒரு இஎக்ஸ்இ ஆக்கி உங்கள் ஹோம் ஃபோல்டரில் வைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஸ்கிரிப்ட் எடுப்பது எஸ்டிகேயின் மிங்டபிள்யூ64 ஃபோல்டரில் நிறுவப்பட்ட கோப்புகளை, நீங்கள் கம்பைல் செய்த சோர்ஸ் ஃபோல்டரை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மேக் மட்டும் ஓட்டி, மேக் இன்ஸ்டாலை விட்டுவிட்டு இன்ஸ்டாலர் கட்டினால் பிழை எதுவும் வராது, ஆனால் உள்ளே இருப்பது பழைய கிட். இரண்டு, கோப்புப் பட்டியல் பேக்மேனிடம் பேக்கேஜ் வாரியாகக் கேட்டுத் தயாரிக்கப்படுகிறது. உங்கள் பேட்ச் புதிதாக ஒரு கோப்பை உருவாக்கினால், மேக் இன்ஸ்டால் அதை இடத்தில் வைத்தாலும் பேக்மேனுக்கு அது தெரியாது, இன்ஸ்டாலருக்குள் வராது. அப்போது மிங்டபிள்யூ-பேக்கேஜஸ் ரெப்போவில் கிட்டின் பேக்கேஜ் செய்முறையை மேக்பிகேஜி-மிங்டபிள்யூ கொண்டு கட்டி, பேக்மேன் மூலமாகவே நிறுவிவிட்டு, அப்புறம் இன்ஸ்டாலர் கட்ட வேண்டும்.

விசார்டின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுகிறீர்களா? ஒவ்வொரு முறையும் முழு இன்ஸ்டாலரைக் கட்டிக் காத்திருக்க வேண்டாம். ரிலீஸ் ஸ்கிரிப்டிலேயே டீபக்-விசார்ட்-பேஜ் என்ற விருப்பம் இருக்கிறது, பக்கத்தின் பெயரைக் கொடுத்தால் அதை மட்டும் பார்க்க ஏதுவாகச் சட்டென்று ஒன்றைக் கட்டிக் காட்டும்.

பக் சொன்னவர் அலுவலக மெஷினில் இருக்கிறார், நிறுவ அனுமதியில்லை என்றால் போர்ட்டபிள் ஃபோல்டரில் இருக்கும் ரிலீஸ் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். எங்கே வேண்டுமானாலும் விரித்து ஓட்டலாம், முடிந்ததும் ஃபோல்டரை அழித்துவிடலாம், அவருடைய பழைய கிட்டுக்கு ஒன்றும் ஆகாது. சோதனைக்கு பெரும்பாலும் இதுவே போதும். மின்கிட் என்று மூன்றாவதாக ஒன்று உண்டு, அது மற்ற மென்பொருள்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வதற்கானது, நமக்கு இப்போது தேவையில்லை.

கொடுப்பதற்கு முன்

உங்கள் மெஷினில் போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது, எஸ்டிகே இருக்கும் மெஷினில் எல்லாமே ஓடும். விண்டோஸ் புரோ வைத்திருந்தால் சாண்ட்பாக்ஸைத் திறந்து அதற்குள் நிறுவுங்கள், மூடினால் எல்லாம் மறைந்துவிடும். முதலில் அதிகாரபூர்வ வெர்ஷனைப் போட்டு, அதன்மேல் உங்களுடையதை நிறுவி, பழைய தேர்வுகள் நினைவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிட் பாஷ் திறந்திருக்கும்போது ஒருமுறை நிறுவிப் பாருங்கள். அட்மின் உரிமை இல்லாத யூசராகவும், கூடவே யூசர் பெயரைத் தமிழில் வைத்தும் ஒருமுறை. யூசர் ஃபோல்டரின் பாதையில் தமிழ் எழுத்து வரும்போது, யூனிகோடை ஒழுங்காகக் கையாளாத இடங்கள் வெளியே வந்துவிடும். தோற்றால் இன்ஸ்டாலரை லாக் விருப்பத்தோடு மறுபடி ஓட்டுங்கள், ஒவ்வொரு அடியும் கோப்பில் பதிவாகும். அதே தேர்வுகளைத் திரும்பத் திரும்ப கிளிக் செய்யாமலிருக்க, சேவ்இன்ஃப் விருப்பத்தால் ஒருமுறை சேமித்து, லோட்இன்ஃப், வெரிசைலன்ட் இரண்டையும் சேர்த்து ஓட்டலாம்.

உங்கள் இன்ஸ்டாலரில் டிஜிட்டல் கையொப்பம் இருக்காது, விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் பாதுகாப்பு எச்சரிக்கும். வாங்குகிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, எஸ்ஹெச்ஏ-256 ஹாஷையும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) சேர்த்துக் கொடுங்கள், அவர் சரிபார்த்துக்கொள்ளட்டும். கிட் ஜிபிஎல் லைசென்ஸின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருவதால், பைனரியைக் கையில் கொடுத்தால் அதற்குரிய சோர்ஸும் அவருக்குக் கிடைக்க வேண்டும். கட்டிய பிராஞ்சைப் பொதுவில் புஷ் செய்து, எந்த கமிட்டிலிருந்து கட்டியது என்று எழுதிவிடுங்கள்.

அவர் போட்டுப் பார்த்து சரியாகிவிட்டது என்று சொன்னால், அவர் சம்மதத்தோடு டெஸ்டட்-பை வரியைச் சேர்த்து அடுத்த பதிப்பை அனுப்புங்கள். சரியாகவில்லை என்றால் வெர்ஷன் கட்டளைக்கு பில்டு-ஆப்ஷன்ஸ் விருப்பத்தைச் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள், எந்த கமிட் என்று அதில் வரும், உங்கள் பில்டுதான் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். பேட்ச் ஃபோர்க்கின் மெயினுக்குள் போனதும் தானாகவே ஸ்நாப்ஷாட் இன்ஸ்டாலர் கட்டப்படும். அந்த இணைப்பை அவருக்கு அனுப்பி, நீங்கள் கொடுத்த 0-டெஸ்டை எடுத்துவிட்டு அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.